பட்டாளம் விட்டுப்போன கொட்டகைகள்

ராஜபாளையத்துக்காரர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் குடியிருக்கிற ஊர் ஒரு பழைய ராணுவ முகாம் என்பது தெரியுமோ?

கோபப்பட வேண்டாம். ஊர் பேரிலேயே இருக்கிறது. பாளையம் என்றால் படை இறங்கித் தங்குகிற இடம். மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 16ஆம் நூற்றாண்டில் 72 பாளையங்களாகப் பிரித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பட்டாளம் போயிடும், சம்சாரிகள் மிஞ்சுவார்கள், நாளடைவில் அது ஊராகிவிடும். நம்ம பக்கம் பாளையம், கோட்டை என்று முடிகிற ஊர்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், கை கால் இரண்டும் பத்தாது.

ஆனால் பாளையம் ஊராக மாற நூறு இருநூறு வருஷம் ஆகியிருக்கும். இரண்டே வருஷத்தில் ஒரு ராணுவ முகாமை ஊராக மாற்றிய ஆட்களைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். அவர்கள் நம்ம ஆட்கள் கிடையாது. வங்காளிகள்.

எனக்கு இது தெரிய வந்தது தொழில் மூலமாக. நான் சிவகாசியில் அச்சுத் தொழிலில் இருக்கிறவன். காலண்டர் ஆர்டர் பிடிக்க சில வருஷம் முன்னாடி கல்கத்தா போயிருந்தேன் (கொல்கத்தா என்று எழுத வேண்டும், கை பழகியது வரமாட்டேங்குது). சிவகாசிக்காரன் கல்கத்தா போவது புதுசும் இல்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளப் போனது அந்த ஊருக்குத்தான். 1923இல் திரும்பி வந்து இங்கே ஆரம்பித்தார்கள். அந்த ஒரு பயணம் இல்லையென்றால் இன்றைக்கு நான் அநேகமாகக் கம்பு விதைத்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் கல்கத்தா ஏஜெண்ட் ஒரு பெரியவர். அவரை எல்லோரும் 'தாதா' என்று கூப்பிட்டார்கள். அங்கே தாதா என்றால் அண்ணன், நம்ம சினிமா தாதா இல்லை :-) கணக்கு வழக்கு முடிந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெற்குக் கல்கத்தாவில் ஜாதவ்பூர் பக்கம், பிஜய்கர் என்று ஒரு இடம். நாலு மாடி ஃபிளாட்டுகள், நடுநடுவே பழைய ஒற்றை மாடி வீடுகள், குறுகலான தெரு, ஒரு குளம், சந்தை. மீன் வாசனை. சாதாரணமான நடுத்தரக் குடும்பத்து ஏரியா. "இது என்ன இடம் தெரியுமா? மிலிட்டரி கேம்ப்" என்றார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஒரு சிப்பாயைக்கூடக் காணோம். "இப்ப இல்ல, யுத்தத்தப்ப" என்று சிரித்தார்.

அவர் அன்றைக்குச் சொன்னதும், அதுக்கப்புறம் நான் தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இது.

1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. நம்ம பக்கம் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் கதை இல்லாத குடும்பம் குறைவு, அந்த யுத்தம்தான். அந்த வருஷம் டிசம்பரில் கல்கத்தா மேலேயே குண்டு விழுந்தது. பர்மா முனைக்கு ஆளும் ஆயுதமும் அனுப்புகிற தளம் கல்கத்தா என்பதால் பிரிட்டிஷ், அமெரிக்கப் பட்டாளங்கள் ஊர் முழுக்க இறங்கின. ஊருக்குள்ளும் புறநகரிலும் நீள நீளமாகக் கொட்டகைகள் போட்டார்கள். பாரக்ஸ் என்று சொல்வோமே, அது. 1945இல் யுத்தம் முடிந்தது, பட்டாளம் கிளம்பிவிட்டது. கொட்டகைகள் அப்படியே நின்றன. ஜாதவ்பூரில் இருந்ததும் அப்படி ஒரு முகாம்தான்.

அடுத்து 1947. பஞ்சாப் பிரிவினை பற்றி நமக்கு ஓரளவு தெரியும், ரயிலில் பிணம் வந்த கதையெல்லாம் படித்திருக்கிறோம். வங்காளத்தில் நடந்தது வேற மாதிரி. ஒரேயடியாக வரவில்லை. வருஷக்கணக்கில் அலை அலையாக வந்தார்கள். 1950இல் பெரிய கலவரங்கள் நடந்தபோது வந்த கூட்டம்தான் பெருசு. 1951 ஜனத்தொகைக் கணக்கில் மேற்கு வங்கத்தில் மட்டும் சுமார் 21 லட்சம் அகதிகள். பஞ்சாபில் அந்தப் பக்கம் போனவர்கள் விட்டுச்சென்ற வீடும் நிலமும் இந்தப் பக்கம் வந்தவர்களுக்குக் கிடைத்தன. வங்காளத்தில் அந்த ஏற்பாடு இல்லை. இவர்களெல்லாம் கொஞ்ச நாளில் திரும்பிப் போய்விடுவார்கள் என்று டில்லி ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தது. சியால்தா ரயில் நிலைய பிளாட்பாரமே வீடாகப் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில்.

இந்த நிலைமையில்தான் ஒரு சின்னக் கூட்டம் ஜாதவ்பூருக்கு ரயிலேறிப் போய் அந்தக் காலிக் கொட்டகைகளுக்குள் புகுந்தது. முதலில் வந்தது பன்னிரண்டு குடும்பம் என்று சொல்வார்கள். டிக்கெட் எடுக்கவில்லை என்பதையும் பெருமையாகச் சேர்த்துச் சொல்வார்கள். ஒரு நீளக் கொட்டகைக்குள் பல குடும்பம். நடுவே சாக்கைக் கட்டித் தடுப்பு. இந்தப் பக்கம் குழந்தை அழுதால் அந்தப் பக்கம் தூக்கம் போயிடும். தாதாவின் அம்மா கடைசி வரைக்கும் ரகசியக் குரலில்தான் பேசுவாராம். சாக்குத் தடுப்புக்குள் வாழ்ந்த பழக்கம், சொந்த வீடு கட்டிய பிறகும் போகவில்லை.

இடம் பிடித்தது பெரிய விஷயமில்லை. காலியாகக் கிடந்தால் யாரும் நுழைவார்கள். ஜோத்பூர் பாரக்ஸ், பாலிகஞ்ச், துர்காபூர், தர்மதலா என்று கல்கத்தா முழுக்க ராணுவக் கொட்டகைகளில் அகதிகள் புகுந்தார்கள். பிஜய்கர் தனியாக நிற்பது அடுத்து அவர்கள் செய்த காரியத்தால். ஒரு சங்கம் வைத்தார்கள். அகதிகள் முகாம் சங்கம். சந்தோஷ் தத்தா என்கிற சுதந்திரப் போராட்டக்காரர் தலைமை தாங்கினார்.

அந்தச் சங்கம் வேலை செய்த விதத்தைக் கேட்கும்போது எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. கொட்டகை பத்தாமல் போனதும் சுற்றியிருந்த காலி நிலத்தை மனை மனையாகப் பிரித்தார்கள். ஒரு குடும்பத்துக்குச் சில கட்டா (ஒரு கட்டா என்பது 720 சதுர அடி). யாருக்கு எந்த மனை என்பதைச் சங்கம்தான் முடிவு பண்ணும். தெருவுக்கு இடம் ஒதுக்கினார்கள், சந்தைக்கு ஒதுக்கினார்கள், பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார்கள். வீடே மூங்கில் தட்டியில் நிற்கிறது, அதுக்குள்ள பள்ளிக்கூடம்! அதோடு விட்டார்களா? 1950இல் ஒரு கல்லூரியே ஆரம்பித்துவிட்டார்கள். பிஜய்கர் ஜோதிஷ் ராய் கல்லூரி என்ற பேரில் இன்றைக்கும் நடக்கிறது. நான் அதன் வாசலில் நின்று பார்த்தேன். பையன்களும் பிள்ளைகளும் சைக்கிளோடு நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். கூரைக்கே வழியில்லாதவன் கல்லூரி கட்டினான் என்பதை அவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்களோ.

விருதுநகர்க்காரர்களுக்கு இது புரியும். 1889இல் சத்திரிய வித்யாசாலை ஆரம்பித்தபோது செலவுக்கு என்ன செய்தார்கள்? வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பது, வாரம் ஒருமுறை வந்து வாங்கிக்கொண்டு போவது. வியாபாரத்தில் மகமை, மூட்டைக்கு இவ்வளவு என்று. அந்தப் பிடி அரிசிப் பள்ளிக்கூடத்தில்தான் காமராஜர் படித்தார். பிஜய்கர்க்காரர்களுக்கு மகமை என்ற வார்த்தை தெரியாது, ஆனால் காலனிகளில் சந்தா போட்டுத் தெருவும் பள்ளியும் உண்டாக்கியதெல்லாம் அதே கணக்குதான்.

சண்டை இல்லாமலா? நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அடியாட்களை அனுப்பினார்கள். குடியிருந்தவர்கள் கூடி நின்று விரட்டினார்கள். ஜெயித்ததால் பிஜய்கர், அதாவது வெற்றிக்கோட்டை என்று பேர் வைத்ததாக அங்கே சொல்கிறார்கள். (கோட்டை என்று முடிகிற ஊர்ப்பேர் அங்கேயும் வந்துவிட்டது பாருங்கள்.) அக்கம்பக்கத்தில் இதைப் பார்த்து நிறைய காலனிகள் முளைத்தன. ராத்திரியோடு ராத்திரியாக மூங்கிலும் ஓலைத்தட்டியும் வைத்துக் கொட்டகை போடுவது, விடிந்ததும் போலீஸ் வந்து பிடுங்குவது, மறுபடி ராத்திரி போடுவது. போலீஸ் வருவது தெரிந்தால் பெண்கள் சங்கு ஊதுவார்கள். வங்காளத்தில் வீட்டுக்கு வீடு சங்கு உண்டு, சாமி கும்பிட. அது அபாயச் சங்காகவும் ஆனது. 'ஜபர்தகல்' காலனி என்று இவற்றுக்குப் பேர். வலுக்கட்டாயமாகப் பிடித்தது என்று அர்த்தம். 1950 முடிவதற்குள் இப்படி 149 காலனிகள்.

1951இல் மேற்கு வங்க அரசு இவர்களை வெளியேற்ற ஒரு சட்டம் கொண்டு வந்தது. அதற்கு முந்தின வருஷமே காலனிகள் எல்லாம் சேர்ந்து ஐக்கிய மத்திய அகதிகள் பேரவை என்று ஒன்றை அமைத்திருந்தன. ஊர்வலம், மறியல் என்று கல்கத்தாவே அதிர்ந்தது. கடைசியில் மாற்று இடம் தராமல் அகதிகளை வெளியேற்ற முடியாது என்று சட்டத்தையே மாற்ற வைத்தார்கள்.

தாதா இதுவரைக்கும் சொல்லி நிறுத்திவிட்டு, சுவரில் தொங்கிய எங்கள் பிரஸ் காலண்டரைக் காட்டி, "பார், உன் காலண்டர் வெற்றிக்கோட்டையில் தொங்குது" என்றார். எனக்கும் சிலிர்ப்பாகத்தான் இருந்தது. ஊருக்குத் திரும்பினதும் இதை அப்படியே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். எழுதியிருந்தால் பாதிக் கதையோடு முடிந்திருக்கும்.

தேடிப் படிக்கும்போது உதிதி சென் என்ற வரலாற்றாசிரியர் பிஜய்கர் பற்றி 2014இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. அவர் கேட்கிற கேள்வி இது. யார் உதவியும் இல்லாமல் தாங்களே எழுந்து நின்றோம் என்று பிஜய்கர்க்காரர்கள் சொல்கிறார்களே, முழுக்க அப்படித்தானா? சந்தோஷ் தத்தாவுக்குக் காங்கிரஸ் தலைவர்களைத் தெரியும். ஆட்சியில் இருந்ததும் காங்கிரஸ். மேலிடத்தில் கண்டும் காணாமல் இருந்தார்கள். குடியேறியவர்களில் பெரும்பாலோர் படித்த, மேல்சாதி நடுத்தரக் குடும்பத்தினர். மனு எழுதத் தெரியும், யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். கல்கத்தாவில் ஒரு மாமனோ மச்சானோ இருப்பான்.

இது எதுவும் இல்லாதவர்கள் எங்கே போனார்கள்? அதுதான் எனக்கு உறைத்தது. அவர்களும் போனது ராணுவக் கொட்டகைக்குத்தான்! நதியா ஜில்லாவில் ரானாகட் பக்கம் கூப்பர்ஸ் கேம்ப், அதே ஜில்லாவில் துபுலியா. இரண்டுமே யுத்த காலத்து ராணுவத் தளங்கள். அதே மாதிரி கொட்டகை, அதே மாதிரி சாக்குத் தடுப்பு. ஆனால் அது அரசாங்க முகாம். அரசு கொஞ்சம் காசும் அரிசியும் கொடுக்கும். பதிலுக்கு அரசு போகச் சொல்கிற இடத்துக்குப் போக வேண்டும். அங்கே இருந்தவர்களில் பெரும்பகுதி நாமசூத்திரர் போன்ற தாழ்த்தப்பட்ட சாதி விவசாயிகள். 1958 முதல் முகாம் ஆட்களை மூட்டை கட்டி ஒரிசா, மத்தியப் பிரதேச எல்லையில் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பினார்கள். ஆத்தையும் குளத்தையும் பார்த்து வளர்ந்த வங்காளத்து விவசாயி அந்தச் செம்மண் மேட்டில் என்ன பண்ணுவான்? சில பேர் போக மாட்டேன் என்றார்கள், உதவித்தொகை நின்றது. போனதில் பல ஆயிரம் பேர் 1978இல் திரும்பி வந்து சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி தீவில் பிஜய்கர் பாணியிலேயே தாங்களாகப் பள்ளிக்கூடம், மீன்சந்தை எல்லாம் வைத்துக் குடியேறினார்கள். 1979இல் போலீஸை விட்டு அடித்து விரட்டினார்கள். செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. ஒருத்தன் செய்தால் வெற்றிக்கோட்டை, இன்னொருத்தன் செய்தால் ஆக்கிரமிப்பு.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. அகதிகள் வந்து நிறைந்த அதே வருஷங்களில் கல்கத்தாவின் ஏழை முஸ்லிம்கள் பலர் தங்கள் இடத்தை விட்டுப் போக வேண்டி வந்தது. ஜோயா சாட்டர்ஜி தன் புத்தகத்தில் விவரமாக எழுதியிருக்கிறார். ஒரு சங்கம் தன் ஆட்களுக்கு வீடு கட்டும்போது தன் ஆள் யார் என்பதற்கு ஒரு கோடு போடாமல் இருப்பதில்லை. நம்ம ஊர் உறவின்முறையின் பேரிலேயே அந்தக் கோடு இருக்கிறது. பள்ளிக்கூடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள் என்பது நம்ம பெருமை, அதை நான் எங்கேயும் மார்தட்டிச் சொல்வேன். அதுக்காகக் கோடே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இப்போது நம்ம ஜில்லாவுக்கு வருகிறேன். சிவகாசி பக்கத்தில் அனுப்பன்குளம், விருதுநகர் பக்கத்தில் குல்லூர்சந்தை, இன்னும் சில ஊர்களில் இலங்கை அகதிகள் முகாம் இருப்பது நமக்குத் தெரியும். தெரியும் என்பதோடு சரி, எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறோம்? 1983க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள். (வங்காளத்தில் சொன்ன அதே வார்த்தை.) பத்துக்குப் பத்து அடி வீடு. பொண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் அதற்குள்தான். கொஞ்ச நாளில் திரும்பிப் போய்விடுவார்கள் என்று இங்கேயும் நினைத்தார்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்று அகதிகளே 1984இல் சந்திரஹாசன் தலைமையில் அமைப்பு வைத்துப் படிப்புக்கும் மற்றதுக்கும் நிறைய செய்திருக்கிறார்கள். ஆனால் பிஜய்கர் மாதிரி நிலத்தை அளந்து மனை பிரிக்க முடியாது. முகாம் அரசாங்கத்துடையது. குடியுரிமை இல்லாதவர் நிலத்தைப் பற்றிப் பேச வாயே திறக்க முடியாது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்களில் இடிந்துபோன நிலையில் இருந்த 7,469 வீடுகளைப் புதுசாகக் கட்டித் தருவதாக அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பேரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. கட்டி முடித்த வீடுகளைப் பார்த்தேன், குறை சொல்ல மாட்டேன். கான்கிரீட் கூரை, தனிக் கழிப்பறை. பத்துக்குப் பத்தில் இருந்தவர்களுக்கு அது அரண்மனை. கல்கத்தாவில் அகதிக் கொட்டகைக்கு எந்த அரசும் இப்படிக் கட்டிக் கொடுக்கவில்லை. அங்கே வீட்டை அவர்களே கட்டினார்கள், சண்டை போட்டுப் பத்திரத்தை அரசிடம் வாங்கினார்கள். இங்கே வீடு வந்துவிட்டது.

போன மாசம் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒரு தம்பி வந்தார். முகாமில் பிறந்தவர். அங்கே ஆம்பிளைகள் முக்கால்வாசிப் பேருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலைதான். மத்தியானம் டீ குடிக்கும்போது அவருக்கு இந்த பிஜய்கர் கதையைச் சொன்னேன். கொட்டகை, சாக்குத் தடுப்பு, சங்கு ஊதுவது எல்லாவற்றையும். கல்லூரி கட்டினதைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, அவங்களுக்கெல்லாம் பட்டா எப்ப கெடச்சது?"

இந்தியக் குடிமகன் என்று யாரும் சந்தேகப்படாத அந்த ஆட்களுக்கே, பெரும்பாலான காலனிகளில் முதலில் 99 வருஷக் குத்தகைதான் தந்தார்கள், முழு உரிமைப் பத்திரம் 1980களின் கடைசியில்தான் வந்தது என்றேன்.

அவர் கொஞ்சம் கணக்குப் போட்டார். "நாப்பது வருஷமா..." என்றார். "அப்பாவும் அம்மாவும் வந்தது தொண்ணூறுல. முப்பத்தஞ்சு ஆச்சு."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, சுவரில் கையை வைத்துப் பார்த்தார். "முதல் கோட்டு காஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு ஏணியை நகர்த்தினார்.